கொட்டகைப் பெண்கள் பதினொரு பேர்

மார்ச் 6

அன்புள்ள மருமகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத எனக்கு நேரமில்லை. உன் மாமன் இப்போது அரசாங்க வேலையில் இருக்கிறான். சிரிக்காதே.

சுகாதார அலுவலகத்தில் ஒரு பட்டியல் தயாரிக்க ஆள் தேடினார்கள். நம் மூன்று தெருவிலும் வேலைக்குப் போகிற பெண்கள் யார், எங்கே போகிறார்கள், என்ன வேலை, எத்தனை வருடம் என்று வீடு வீடாகப் போய் எழுத வேண்டும். நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். (உன் அம்மா தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "மூணு பேருடா" என்கிறாள். இவள் வந்து எண்ணினாளா?) அதிகாரி என் கையெழுத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று சொன்னால் மனுஷன் நம்ப மறுக்கிறார். ஆலை வாசலில் முப்பது வருடம் காவல் காத்தவனை இப்போதுதான் ஒரு ஆள் சரியாக எடைபோட்டிருக்கிறார்.

மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பெண்கள். நம் தெருவில் இத்தனை பேர் காலையில் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று எனக்கே தெரியாது. ஆனால் பார், அந்தத் தாளில் 'என்ன வேலை' என்ற கட்டம் ஒரு விரல் அகலம்தான். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிறவளுடைய பாட்டை ஒரு விரல் அகலத்தில் எப்படி அடக்குவது? அதனால் கொஞ்சம் சுருக்கமாகவும் கம்பீரமாகவும் போட்டுவிட்டேன். முனையில் இஸ்திரி போடுகிறவளுக்கு 'ஆடை நேர்த்தி நிபுணர்'. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவளுக்கு 'கல்வி நேரக் கட்டுப்பாட்டாளர்'. சினிமா கொட்டகையைக் கூட்டுகிறாளே, அந்தக் குட்டைக்காரி, அவளுக்கு 'அரங்கத் தூய்மை மேலாளர்'. அவள் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். மூன்றாவது முறை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கூட்டு ஆளு இருந்திருந்தா படிச்சுக் காட்டியிருப்பேன்" என்றாள். இதற்கு மேல் எனக்கு என்ன விருது வேண்டும்?

முட்டைக்காரி ஒருத்திதான் மடக்கினாள். 'புரதப் பொருள் விநியோகஸ்தர்' என்று படித்தேன். "முட்டை விக்கிறேன்னு எழுதுய்யா. நாளைக்கு எவனாச்சும் அந்தத் தாளப் பாத்து முட்டைக்கு வந்தா, எந்தக் கதவத் தட்டுவான்?" என்றாள். ரசனை கெட்ட ஜென்மம்.

பஞ்சுக் கொட்டகையில் கழிவு பிரிக்கிறவர்கள் உன் அம்மாவோடு பதினொரு பேர். கழிவு என்று எழுதக் கை வருமா? 'பருத்தித் தர ஆய்வாளர்' என்று போட்டேன். உன் அம்மாவுக்கு மட்டும் முன்னால் ஒரு 'தலைமை' சேர்த்தேன், கூடப் பிறந்த பாவத்துக்கு. கடைசியில், நீ ஊரில் இல்லாவிட்டாலும் நம் வீட்டுப் பெண்தானே என்று நூற்று நாற்பத்து நாலாவதாக உன்னையும் ஏற்றிவிட்டேன்: 'தலைமைச் செவிலியர், பெரிய மருத்துவமனை.'

அம்மாவுக்கு அந்தப் பழைய இருமல் கொஞ்சம் கூடியிருக்கிறது. டாக்டரிடம் போவோம் என்றேன். "வீட்ல நர்ஸு இருக்கையில டாக்டரு எதுக்குடா, புள்ளையக் கேட்டு எழுது" என்கிறாள். கேட்டுவிட்டேன். பதில் போடு.

உன் தாய்மாமன்

---

மார்ச் 19

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. விடுதியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். 'கல்வி நேரக் கட்டுப்பாட்டாளர்' வந்ததும் என் அறைத்தோழி கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள்.

ஆனால் என் பெயரை அதிலிருந்து அடித்துவிடுங்கள். நான் அந்தத் தெருவில் இல்லையே. தலைமையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இது விளையாட்டில்லை மாமா, அரசாங்கத் தாள்.

அம்மாவை இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கட்டும். ஆவி பிடிக்கட்டும். இங்கே இருமலோடு வருகிறவர்களுக்கு அப்படித்தான் சொல்கிறார்கள். சொல்கிறோம்.

எனக்கு இங்கே ஒன்றும் குறையில்லை. நாள் முழுக்க நின்றபடி வேலை. விரல் நுனியில் தோல் உரிகிறது, அது தானாகச் சரியாகிவிடும். அம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டாம்.

அந்தப் பட்டியல் எதற்காம்? கேட்டீர்களா?

---

மே 20

அன்புள்ள மருமகளுக்கு,

எதற்கு என்று கேட்டாயே, விடை தெருவுக்கே வந்து நின்றது! எக்ஸ்ரே வண்டி. ரயில் பெட்டி நீளம் இருக்கும். தூசியில் வேலை செய்கிற பெண்களை நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்கத்தான் என் பட்டியல். வண்டியிலிருந்து டாக்டர் இறங்கினார், நேரே என்னிடம் வந்தார், கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்தப் பட்டியலை எழுதியது நீங்கள்தானா?" என்றார். என்ன சொல்வேன்? தலையைக் குனிந்துகொண்டேன்.

கல் உடைக்கிற பெண்கள் நாலு பேர், மாவு மில்லில் இரண்டு பேர், சுண்ணாம்புக் காளவாயில் மூன்று பேர். பேர் பேராகக் கூப்பிட்டுப் படம் எடுத்தார்கள். மாவு மில்காரி பவுடர் பூசிக்கொண்டு வந்துவிட்டாள். "படம் எடுக்கறாங்கன்னா மூஞ்சி தெளிவா இருக்க வேணாமா?" என்கிறாள். நர்ஸம்மா சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனாள்.

உன் அம்மா இரண்டு தலையணையில் மகாராணி மாதிரி படுக்கிறாள். யார் வந்தாலும் "எம்பொண்ணு சொன்ன வைத்தியம்" என்று தலையணையைத் தட்டிக் காட்டுகிறாள். உன் பெயரை அடிக்கவில்லை. அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும்.

உன் தாய்மாமன்

---

ஜூன் 2

மாமாவுக்கு,

கல், மாவு, சுண்ணாம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். பஞ்சுக் கொட்டகையைவிடத் தூசி எங்கே இருக்கிறது? சின்ன வயதில் அம்மா வேலை முடிந்து வந்தால் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். நான் ஊதிவிடுவேன்.

அம்மாவைக் கூப்பிட்டார்களா? படம் எடுத்தார்களா? கதை வேண்டாம். ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை.

---

ஜூன் 12

அன்புள்ள மருமகளுக்கு,

என்ன கோபம் உனக்கு, அப்படியே உன் அப்பன் மாதிரி! நான் எழுதும்போது ஒன்றிரண்டு விட்டுப்போகும். இந்த வயதில் நூற்று நாற்பத்து நாலு பேரை நெஞ்சில் வைத்திருக்கிறேன், அதைப் பார்.

எடுத்தார்கள். அம்மாவுக்கும் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். போதுமா?

மாலை ஆனால் உடம்பு லேசாகச் சுடுகிறது. உடுப்பெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, ஊசி குத்திப் போட்டுக்கொள்கிறாள். வேலைக்குப் போகத் தவறவில்லை. இது எதனால் என்று உன்னைக் கேட்கச் சொன்னாள்.

மாமன்

---

ஜூலை 3

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். படத்தில் ஒன்றுமில்லை என்றால் பயப்பட வேண்டியதில்லை. வேலை அசதியில் உடம்பு சுடும். சத்துக் குறைவாக இருக்கும். பால், முட்டை கொடுங்கள். மருந்துக் கடையில் இருமல் மருந்து கேட்டு வாங்கி இரண்டு வேளை கொடுங்கள். எந்த மருந்து என்று அவர்களுக்கே தெரியும்.

விடுப்பு கேட்டேன். ஆள் குறைவு என்கிறார்கள். வருடக் கடைசியில் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

---

ஆகஸ்ட் 18

மருமகளே,

தந்தி கிடைத்திருக்கும். பயப்படாதே. ஓய்வு வேண்டும் என்று அம்மாவை நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஜன்னலோரக் கட்டில். வெளியே மரமெல்லாம் தெரிகிறது.

உடனே வா. ஒரு விஷயம், வரும்போது உன் நர்ஸ் உடுப்பிலேயே வா. வார்டு பூராவும் சொல்லி வைத்திருக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரி, "நாலு நாளா நர்ஸுப் பொண்ணு வருது வருதுன்றீங்க, அது எந்த ரயில்ல வருது?" என்று கிண்டல் பண்ணுகிறாள். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

சீக்கிரம் வா.

---

செப்டம்பர் 14

மாமாவுக்கு,

அடக்கம் முடிந்து வாசலில் வைத்து, இனி உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்னேன். எழுதவும் மாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் நீங்கள் செய்ததை மட்டும் சொல்லிவிட்டு நான் செய்ததைச் சொல்லாமல் வந்தது உறுத்துகிறது.

முதலில் நீங்கள் செய்தது. அந்த ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உடுப்பைப் பார்த்துவிட்டு, ஒரு நர்ஸிடம் பேசுவதுபோலப் பேசினார். நெஞ்சில் பஞ்சுத் தூசி படிந்து, அதன்மேல் காசம் பிடித்திருக்கிறது என்றார். மே மாதம் தெருவுக்கு வந்த வண்டியில் ஒரு படம் எடுத்திருந்தால் மாத்திரையிலேயே நின்றிருக்கும் என்றார். எடுத்தார்களே என்றேன். காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். "இதுதான் இவங்க நெஞ்சுக்கு எடுத்த முதல் படம்" என்றார். "நீங்க நர்ஸ்தானே, மாலைக் காய்ச்சல், இளைப்பு, இருமல், மூணும் சேந்து இருந்தா என்னன்னு உங்களுக்குத் தோணலையா?" என்றார்.

எனக்குத் தோன்றவில்லை மாமா. ஏனென்றால் நான் நர்ஸ் இல்லை.

நர்ஸ் பயிற்சியில் சேருவதற்கான தேர்விலேயே நான் தேறவில்லை. ஊருக்குத் திரும்ப வெட்கமாக இருந்தது. இங்கே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சலவைக் கூடம் இருக்கிறது. இரண்டரை வருடமாக அதில்தான் வேலை. படுக்கை விரிப்புகளை உதறி, ஊசி, பஞ்சு, கட்டுத்துணி ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கொதிநீரில் போடுவேன். எந்த விரிப்பு எந்த வார்டு என்று மூலையில் மையால் எண் போட்டிருக்கும். நோயாளிகளை எனக்கு அந்த எண்ணாகத்தான் தெரியும். உப்பு நீர், ஆவி, தலையணை எல்லாம் விரிப்பு வாங்க மாடிக்குப் போனபோது காதில் விழுந்தது. நீங்கள் கேட்கக் கேட்க, அம்மா கேட்கச் சொன்னாள் என்று எழுத எழுத, தெரியாது என்று எழுதக் கை வரவில்லை.

அந்த உடுப்பு நான் இஸ்திரி போட்டது. ஒரு நர்ஸக்காவுடையது. கேட்காமல் எடுத்து வந்தேன். தோளில் பெரிதாக இருந்தது. அம்மா கவனிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, "வந்துட்டா பாத்தியா" என்றாள். பிறகு என்னிடம் கையை நீட்டினாள். "நாடி பாரு கண்ணு. இவங்க பாக்கறது சரியான்னு நீ பாத்துச் சொல்லு" என்றாள். எங்கே விரல் வைக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. சும்மா பிடித்துக்கொண்டேன். "நல்லா இருக்கும்மா" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் காலையில் போய்விட்டாள்.

நம் இருவரில் யார் அவளைக் கொன்றது என்று நான் எடை போட்டுப் பார்க்கிறேன். தராசு நிற்க மாட்டேன் என்கிறது.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் வேண்டும். அம்மாதான் அப்படிப் பெருமையாக எழுதச் சொன்னாள் என்று வாசலில் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். அது உண்மையா?

---

அக்டோபர் 5

மருமகளுக்கு,

உண்மை இல்லை.

இதை எழுதிவிட்டு மூன்று நாள் அப்படியே வைத்திருந்தேன். இன்றைக்கு மிச்சத்தை எழுதுகிறேன்.

பட்டியல் எழுதின அன்று உன் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். 'தலைமைப் பருத்தித் தர ஆய்வாளர்' என்று சத்தமாகப் படித்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உள்ளத எழுதுடா. கொட்டகையில தூசி பிரிக்கறேன். பத்தொம்பது வருஷம்" என்றாள். நான்தான் கேட்கவில்லை. அழித்து எழுதினால் அழகு போய்விடும் என்றேன்.

வண்டி வந்த அன்று அவளும் வந்து நின்றாள். கொட்டகைப் பெண்கள் பதினொரு பேரும் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வெயிலில் வந்து நின்றார்கள். பட்டியலில் தூசி வேலை என்று இருந்தவர்களைத்தான் கூப்பிட்டார்கள். ஆய்வாளர் என்றால் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஓர் எட்டு முன்னால் போய், ஐயா, நான் எழுதினது தப்பு, இவர்கள்தான் முதலில் பார்க்க வேண்டியவர்கள் என்று சொல்லியிருக்கலாம். அதிகாரி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் பொய்க்காரன் ஆக வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். வாழ்நாளில் நான் வாயை மூடினது அந்த ஒரு தடவைதான்.

உன் அம்மா என்னைப் பார்த்தாள். "வாங்கடி, நேரமாச்சு" என்று மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

கண்ணாடி மாதிரி என்று உனக்கு எழுதினது, உன் கோபத்துக்குப் பயந்து.

நீ நர்ஸ் இல்லை என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியுமோ என்னவோ. பக்கத்துக் கட்டில்காரி கருமாதிக்கு மறுநாள் வந்திருந்தாள். "நாடி புடிக்கத் தெரியலன்னாலும் அது கை சூடா இருந்துச்சுன்னு உங்கக்கா சொன்னாங்க" என்றாள். அப்போது எனக்கு அதன் பொருள் தெரியவில்லை. உன் கடிதம் வந்த பிறகு தெரிந்தது. இதில் நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. என்னை நம்ப உனக்குக் காரணம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இப்போது வீடு வீடாக மறுபடி போய்க்கொண்டிருக்கிறேன். புதுத் தாள், நானே கோடு போட்டது. சினிமா கொட்டகைக் குட்டைக்காரியிடம் 'கூட்டுகிறவர்' என்று மாற்றி எழுதுகிறேன் என்றேன். "அந்தப் பழைய தாள எனக்குக் குடுத்துருய்யா" என்றாள். என்னிடம் இருந்த பழைய பிரதியில் அவள் வரியைக் கிழித்துக் கொடுத்தேன். முட்டைக்காரி, "இப்பவாச்சும் கண்ணு தொறந்துச்சே" என்று திட்டிவிட்டு, உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள்.

மாமன்

---

அக்டோபர் 27

மாமாவுக்கு,

படித்தேன். கை சூடாக இருந்தது என்ற வரியை மட்டும் பல முறை படித்தேன். அதை நீங்கள் இட்டுக்கட்டியிருந்தால், தயவுசெய்து எனக்கு எப்போதும் சொல்லாதீர்கள்.

உடுப்பைத் துவைத்து, அந்த அக்காவிடமே கொண்டுபோய்க் கொடுத்து, எடுத்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அது எனக்குத் திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

உங்கள் புதுத் தாளில் என் வரியும் இருந்தால் அதையும் திருத்துங்கள்.

---

டிசம்பர் 9

மருமகளுக்கு,

புதுத் தாளை அதிகாரியிடம் கொடுத்து, பழையதில் நான் எழுதினது பொய் என்று சொன்னேன். அவர் கத்தினது தெருவரைக்கும் கேட்டிருக்கும். இனி இந்தப் பக்கம் வராதே என்றார். ஆனால் தாளை வாங்கிக்கொண்டார்.

வண்டி நேற்று மறுபடி வந்தது. ரயில் பெட்டி நீளமெல்லாம் இல்லை. சின்ன வண்டிதான், ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். டாக்டர் என்னைக் கவனிக்கவில்லை. போன தடவையும் கை குலுக்கவில்லை, அதையும் திருத்திக்கொள்.

இந்தத் தடவை முதலில் கொட்டகைப் பெண்களைக் கூப்பிட்டார்கள். நான் சுவரோரம் நின்றேன். எண் எண்ணாகக் கூப்பிட்டு, பத்துப் பேருக்கும் படம் எடுத்தார்கள். இரண்டு பேருக்கு நெஞ்சில் நிழல் இருக்கிறதாம். மாத்திரை கொடுத்து, கொட்டகைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வார்கள் என்றார்கள்.

பிறகு நர்ஸம்மா, "பதினொண்ணு" என்றாள். யாரும் அசையவில்லை. "பதினொண்ணு யாரும்மா? வேலைக்குப் போயிட்டாங்களா?" என்றாள். அந்தப் பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்கக்காம்மா. செத்துப்போச்சு" என்றேன்.

"செத்தவங்க பேரு இங்க எதுக்கு? அடிக்க வேணாமா?"

"நான் அடிக்கலம்மா. அடிக்க முடியல."

அவள் பேனாவைத் தாளில் வைத்தாள். அந்த வரியைப் படித்தாள். 'பஞ்சுக் கொட்டகை. தூசி பிரித்தல். பத்தொன்பது வருடம்.' என்ன நினைத்தாளோ, பேனாவை மூடிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

அதிகாரியிடம் கொடுத்த தாளில் நீ இல்லை. நீ இந்தத் தெருவில் இல்லைதானே. வீட்டில் ஒரு பிரதி எழுதி வைத்திருக்கிறேன், அதில் மட்டும் இருக்கிறாய். உன் வரியைத் திருத்திவிட்டேன். 'மருத்துவமனைச் சலவைக் கூடம். படுக்கை விரிப்பு துவைத்தல்.' எத்தனை வருடம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. இரண்டரை என்று எழுதியிருந்தாய். இன்னும் அங்கேதான் இருக்கப்போகிறாயா, வீட்டுக்கு வருகிறாயா என்று தெரியவில்லை. நீயே எழுதி அனுப்பு.

நானாக எதையும் போடவில்லை.